மாரடைப்புக்குக் காரணம் சோம்பலா, தெருவா?

"தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க. எண்ணெயையும் உப்பையும் குறைச்சுக்கோங்க. சிகரெட்டை விட்டுடுங்க. ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க."

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டைக் காட்டும் எல்லோருக்கும் டாக்டர்கள் சொல்லி அனுப்புவது இதைத்தான். இதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. ஆனால் எங்கே நடப்பது, எந்த நேரத்தில் சமைப்பது, டென்ஷனைக் கொடுக்கும் ஷிஃப்ட்டை யார் மாற்றுவது என்ற கேள்விகளுக்கு அதில் பதில் கிடையாது.

விளைவு என்ன? ஜனவரி 1 அன்று ஆரம்பிக்கும் வாக்கிங் பொங்கலுக்குள் நின்றுவிட்டால், "எனக்கு வில்பவர் இல்லை" என்று அவரவர் தன்னையே திட்டிக்கொள்கிறார்கள். வீட்டு வாசலில் நடைபாதையே இல்லை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. இதய நோய் பற்றிய பேச்சு முழுக்கத் தனிமனித ஒழுக்கம் பற்றிய பேச்சாகிவிட்டது. உண்மையில் பழக்கத்தின் பெரும்பகுதி தெருவிலும், வேலையிடத்திலும், ரேஷன் கடையிலும், வாடகைக் கணக்கிலும்தான் உருவாகிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் கொடுக்கப்படும் அறிவுரை பாதி மருந்துதான்.

இது அவசரமான விஷயமும்கூட. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தரவுகளில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது ஏறக்குறைய 53. மற்ற நாட்டினருக்கு அது 59. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம், காய்கறி-பழம் சாப்பிடாதது, உடலுழைப்பு இல்லாதது உள்ளிட்ட 9 காரணிகளே ஆண்களில் 90 சதவீத மாரடைப்பு அபாயத்தை விளக்கிவிடுகின்றன என்று 2004-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. அதாவது, பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. தடுக்கும் சக்தி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரே ஊர், இரண்டு காலனிகள்

இதற்கு விடை தேட வெளிநாடு போக வேண்டாம். சென்னையிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது.

1990-களின் பிற்பகுதியில் சென்னையில் நீரிழிவு ஆய்வாளர்கள் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, திருமங்கலத்தில் நடுத்தர வர்க்கத்தினர் வாழும் ஏசியாட் காலனி. மற்றொன்று, தி.நகர் பகுதியில் குறைந்த வருமானக் குடும்பங்கள் வாழும் பாரதி நகர். தொடக்கத்தில் சர்க்கரை நோய் நடுத்தர வர்க்கக் காலனியில் 12.4 சதவீதம், ஏழைகள் வாழும் பகுதியில் 6.5 சதவீதம். "சுகர், பிரஷர் எல்லாம் பணக்கார வியாதி" என்று பழைய ஆட்கள் சொன்னதற்கு அப்போது அர்த்தம் இருந்தது.

10 ஆண்டுகள் கழித்து மீண்டும் போய்ப் பார்த்தபோது நிலைமை மாறியிருந்தது. நடுத்தர வர்க்கக் காலனியில் 15.4 சதவீதம். ஏழைகள் வாழும் பகுதியில் 15.3 சதவீதம். முன்னதில் உயர்வு கால் பங்குதான். பின்னதில் இரண்டு மடங்குக்கும் மேல். பத்தே ஆண்டுகளில் பணக்கார வியாதி ஏழையின் வியாதியும் ஆகிவிட்டது. சர்க்கரை நோய் வந்தவருக்கு மாரடைப்பு அபாயம் கூடும் என்பதால், இது இதயத்தின் கணக்கும்தான்.

இடையில் ஏசியாட் காலனியில் இன்னொன்றும் நடந்தது. ஆய்வாளர்கள் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குப் பிறகு, குடியிருப்பவர்களே நிதி திரட்டி ஒரு பூங்கா அமைத்தார்கள். அதற்கு முன்பு வாரத்தில் 3 நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம்தான். சில ஆண்டுகளில் அது 58.7 சதவீதம் ஆனது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். "பார்த்தீங்களா, மக்கள் மனசு வைச்சா முடியும்" என்பது ஒன்று. அது உண்மைதான். ஆனால் மனசு வைப்பதற்கு முன்பே அவர்களிடம் என்னவெல்லாம் இருந்தது என்றும் பார்க்க வேண்டும். பூங்கா போட இடம், போடுவதற்குக் கொடுக்கக் கொஞ்சம் பணம், அதிகாரிகளிடம் போய்ப் பேசத் தெரிந்தவர்கள், காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேர ஓய்வு. இவை நான்கும் இருந்த இடத்தில் அறிவுரை பழக்கமாக மாறியது. சர்க்கரை மெதுவாக ஏறியதற்குப் பூங்கா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆரோக்கியத்தில் இறங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அந்தப் பூங்கா காட்டிவிட்டது.

நடக்க வைப்பது எது?

உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்குச் சொன்ன ஆய்வு ஜிம்மில் நடந்ததல்ல. பேருந்தில் நடந்தது. லண்டனின் டபுள் டெக்கர் பேருந்துகளில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. 1953-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது.

அந்த கண்டக்டர்கள் யாரும் ஃபிட்னஸ் ஆப் பார்த்துப் படி ஏறியவர்கள் இல்லை. பேருந்தின் அமைப்பு அவர்களை ஏற வைத்தது. (சென்னை மாநகரப் பேருந்தில் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தபடியே டிக்கெட்டைக் கைமாற்றி அனுப்பும் பழக்கம் அவர்களிடம் செல்லுபடியாகியிருக்காது.)

ஊரின் அமைப்பும் இதேபோலத்தான் வேலை செய்கிறது. பஸ் ஸ்டாப் வரை நிழலோடு நடைபாதை இருந்தால், ஒருவர் 'வாக்கிங்' என்று பெயர் வைக்காமலேயே தினமும் 20 நிமிடம் நடந்துவிடுவார். இல்லையென்றால் ஆட்டோ, பைக், கேப். ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். அலுவலகமும் வீடும் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஆறு வழிச் சாலை, மெட்ரோ பணிக்கான தடுப்புகள், உடைந்த கால்வாய் மூடி, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். அந்தத் தூரத்துக்குக் கேப் புக் பண்ணுபவரைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமா?

2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கி, எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபயிற்சிப் பாதைகளை அறிவித்தது. நல்ல முயற்சி. சென்னையில் அது பெசன்ட் நகரில் தொடங்கியது. கடற்கரைக் காற்று, விளக்கு, அகலமான சாலை என்று ஏற்கெனவே நடக்க வசதியுள்ள பகுதி அது. மாநகரின் ஓரத்தில் இருப்பவர் அந்தப் பாதையில் நடக்க வேண்டுமானால் முதலில் பஸ் ஏறி அங்கே வந்து சேர வேண்டும்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-ல் திறக்கப்பட்டபோது, அப்படியொரு தெரு சாத்தியம் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் பாண்டி பஜார் ஷாப்பிங் போகும் இடம். இதயத்துக்குத் தேவைப்படுவது, குடியிருக்கும் தெருவில் அப்படியொரு நடைபாதை.

பெண்களுக்கு இன்னொரு அடுக்கும் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வரும் பெண் இருட்டுத் தெருவில் வாக்கிங் போக முடியாது. காலையில் போகலாமே என்றால், அந்த நேரம் சமையலுக்கும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. தெரு விளக்கும், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அவளுடைய 'உடற்பயிற்சிப் பழக்கத்தை' முடிவு செய்கின்றன.

தட்டில் விழுவதை யார் தீர்மானிக்கிறார்கள்?

சாப்பாட்டிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரேஷன் கடையில் அரிசி இலவசம். பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பசியைத் தடுத்ததில் இந்தத் திட்டத்துக்கு ஈடு இணை இல்லை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை ஒரு பழக்கத்தை உருவாக்கிவிடும். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம். கடலை எண்ணெயில் அதில் பாதி அளவுதான். வெளிச்சந்தையில் கடலை எண்ணெய் இதைப்போலப் பல மடங்கு விலை. மாதக் கடைசியில் எந்த எண்ணெய் சட்டியில் விழும் என்பதை ஊட்டச்சத்து அறிவு முடிவு செய்வதில்லை, பர்ஸ்தான் முடிவு செய்கிறது. காய்கறியும் பழமும் ரேஷனில் கிடையாது. இன்டர்ஹார்ட் பட்டியலில் இருந்த 'காய்கறி, பழம் சாப்பிடாதது' என்ற வரியை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

ஐ.டி. ஊழியர்களுக்குப் பணம் பிரச்சினையில்லை, நேரமும் இடமும்தான் பிரச்சினை. நாவலூர், சோழிங்கநல்லூர் பி.ஜி.க்களில் சொந்தமாகச் சமைக்க வசதி இருப்பது அரிது. மெஸ்ஸில் காலையில் இட்லி அல்லது பொங்கல், இரவில் சப்பாத்தி குருமா. அமெரிக்க கிளையண்ட்டுடன் கால் முடியும்போது இரவு 11 மணி. அந்த நேரத்தில் திறந்திருப்பது பரோட்டா கடையும், போனில் இருக்கும் ஃபுட் டெலிவரி ஆப்பும்தான். பிரியாணிக்கு 60 சதவீதத் தள்ளுபடி வரும். கீரைக்கு அப்படி எதுவும் வந்ததாக யாரும் பார்த்ததில்லை.

டீக்கடையும் இந்தக் கணக்கில் சேரும். பல அலுவலகங்களில் டீம் ஒன்றாகச் சேர்ந்து மனம் விட்டுப் பேசும் ஒரே நேரம் 'தம் பிரேக்'. புதிதாகச் சேர்ந்தவருக்கு மேனேஜரோடு சகஜமாகப் பேச வாய்ப்புக் கிடைப்பதும் அங்கேதான். சிகரெட் பிடிக்காதவர்கூட முதலில் டீக்காக நிற்கிறார், ஆறு மாதத்தில் பாக்கெட் வாங்க ஆரம்பிக்கிறார். அவரிடம் "சிகரெட்டை விடு" என்று சொல்வது, "உன் நட்பு வட்டத்தை விடு" என்று சொல்வதற்குச் சமம். மாற்று இடம் ஒன்று இல்லாமல் அது நடக்காது.

எதை மாற்றினால் பலன் அதிகம் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. இதயத்துக்கு மிக மோசமான கொழுப்பு இது. பேக்கரியில் பஃப்ஸ் சாப்பிடுபவர் எந்தப் பழக்கத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மாறியது சட்டம், குறைவது அபாயம்.

ஒரே கட்டடம், வேறு வேறு உடம்பு

ஓ.எம்.ஆர். டெக் பார்க் ஒன்றின் லிஃப்ட்டில் காலையில் மூன்று பேர் ஏறலாம். ஒருவர் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். இன்னொருவர் கண்ணகி நகரில் இருந்து வரும் ஹவுஸ்கீப்பிங் அக்கா. மூன்றாமவர் 12 மணி நேர டியூட்டி முடித்துக் கிளம்பும் செக்யூரிட்டி அண்ணன். மூவரும் ஒரே முகவரியில் வேலை பார்ப்பவர்கள். வருடாந்திர மாஸ்டர் செக்கப், சலுகை விலை கேன்டீன், மாடியில் இருக்கும் ஜிம் ஆகியவை பெரும்பாலும் முதலாமவருக்கு மட்டுமே. மற்ற இருவரும் கான்ட்ராக்ட்.

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும், பக்கவாத அபாயம் 35 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டுச் சொன்னன. 12 மணி நேரம் வீதம் 6 நாள் என்றால் 72 மணி நேரம். ரிலீஸ் நேரத்தில் லேப்டாப்பை மூடாத இன்ஜினீயரும் 55-ஐத் தாண்டிவிடுவார். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியதும், எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கலாம். அன்று பேசப்பட்டது தொழிலாளர் உரிமை. அது இதயத்தின் விஷயமும்கூட.

நேரம் மட்டுமல்ல, அதிகாரமும் சேர்ந்தது. 1967-ல் தொடங்கிய லண்டன் 'ஒயிட்ஹால்' ஆய்வு ஆயிரக்கணக்கான ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. எல்லோருக்கும் அரசு வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம். இருந்தும், கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் இந்த இடைவெளியில் பெரும்பகுதி மிச்சமிருந்தது. தன் வேலையின் வேகத்தையும் முறையையும் தானே தீர்மானிக்க முடியாத நிலை இதயத்தைப் பாதிக்கிறது என்பதை மைக்கேல் மார்மட் குழுவின் அடுத்தகட்ட ஆய்வுகள் காட்டின. "டென்ஷன் ஆகாதீங்க" என்ற அறிவுரையை ஓர் அதிகாரி பின்பற்றலாம். அவருடைய கேபினுக்கு வெளியே நிற்பவர் எப்படிப் பின்பற்றுவார்?

வீடு மாறினால் உடம்பு மாறுமா?

"ஏழைகளுக்கு உடல்நலம் குறைவாக இருப்பதற்கு வறுமைதான் காரணம், ஏரியா என்ன செய்யும்?" என்று கேட்கலாம். இதைச் சோதித்துப் பார்க்க ஓர் அரிய வாய்ப்பு அமெரிக்காவில் கிடைத்தது. 1994 முதல் 1998 வரை நியூயார்க், சிகாகோ உள்ளிட்ட 5 நகரங்களில், மிக ஏழ்மையான அரசு அடுக்ககங்களில் வாழ்ந்த சுமார் 4,500 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி. இன்னொரு பிரிவினருக்கு அது இல்லை. 10 முதல் 15 ஆண்டுகள் கழித்துப் பெண்களைப் பரிசோதித்தபோது, இடம்பெயரும் வாய்ப்புப் பெற்றவர்களில் கடும் உடல் பருமனும் சர்க்கரை நோயும் 100-க்குச் சுமார் 4 பேர் குறைவாக இருந்தன. யாரும் அவர்களுக்கு டயட் சார்ட் கொடுக்கவில்லை.

சென்னை இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தது. கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் மையத்திலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000-ம் ஆண்டு வாக்கில் தொடங்கி கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஓலைக் குடிசையும் வெள்ள பயமும் போய், கான்கிரீட் கூரையும் கழிவறையும் கிடைத்தது உண்மையான முன்னேற்றம். ஆனால் வறுமை சிதறவில்லை. நகரின் ஓரத்தில் ஒரே இடத்தில் குவிந்தது.

முன்பு நடந்தே போன வீட்டு வேலைக்கு இப்போது ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பும் பெண் சாப்பிடாமல் கிளம்புகிறார், 11 மணிக்கு வடையும் டீயும் சாப்பிடுகிறார். பழைய தெருவில் கடனுக்குக் காய் கொடுத்த கடை, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி, தெரிந்த டாக்டர் எல்லாம் 20 கிலோமீட்டருக்கு அப்பால். லிஃப்ட் ஓடாத நாளில் ஏழாவது மாடியில் இருக்கும் முதியவர் கீழே இறங்குவதே இல்லை. அவருக்கு வீடு கிடைத்தது, ஊர் போய்விட்டது.

கண்ணகி நகர் என்றாலே குற்றம் என்று பேசியவர்களுக்கு ஒரு கபடி மைதானம் பதில் சொன்னது. அங்கே பயிற்சி எடுத்த கார்த்திகா, 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். திறமை எல்லா இடத்திலும் இருக்கிறது, மைதானம்தான் எல்லா இடத்திலும் இல்லை. ஒரு பகுதியில் விளையாட இடம் இருக்கிறதா, இல்லையா என்பது பதக்கக் கணக்கு மட்டுமல்ல. அங்கே வளரும் பிள்ளைகளின் 40 வயது ரத்த அழுத்தக் கணக்கும்தான்.

வலி வந்த பிறகு

மாரடைப்பு வந்த பிறகு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அங்கேயும் சூழல்தான் முன்னால் நிற்கிறது. நெஞ்சைப் பிடிக்கிறது, வியர்க்கிறது என்றால் பல வீடுகளில் முதல் தீர்ப்பு "கேஸ் பிராப்ளம்." ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், ஒரு மணி நேரம் போய்விடும். தினக்கூலிக்காரர் நாளைய சம்பளத்தை நினைத்துத் தள்ளிப்போடுவார். வீட்டுப் பெண்களோ கணவரோ மகனோ வரும்வரை காத்திருப்பார்கள். பெண்களுக்கு நெஞ்சுவலிக்குப் பதிலாக மூச்சுத்திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி என்று வரக்கூடும் என்பதால் தாமதம் இன்னும் கூடும். இப்படி அறிகுறி தெரிந்தால் யோசிக்காமல் 108-ஐ அழைப்பதுதான் சரி.

17 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வு 2014-ல் ஒரு முரணைச் சுட்டிக்காட்டியது. அபாயக் காரணிகள் பணக்கார நாடுகளில்தான் அதிகம். ஆனால் இதய நோயால் இறப்பவர்கள் ஏழை நாடுகளில் அதிகம். வித்தியாசம் பழக்கத்தில் இல்லை, சிகிச்சை கைக்கு எட்டுகிறதா என்பதில் இருந்தது.

இந்த இடத்தில் தமிழ்நாடு சரியான திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தால் முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். "நோயாளி ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவதில்லை" என்று திட்டுவதற்குப் பதிலாக, "அவரால் ஏன் வர முடியவில்லை?" என்று கேட்டதன் பலன் இவை. இதே கேள்வியைத் தெருவிடமும் வேலையிடத்திடமும் கேட்க வேண்டும்.

அப்போ தனிமனிதப் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது. நல்ல நடைபாதை உள்ள பகுதியில் வாழ்ந்தும் நடக்காதவர்கள் உண்டு. நல்ல சம்பளம், நல்ல வீடு இருந்தும் மாரடைப்பு வந்தவர்கள் உண்டு. மரபணுவும் வயதும் யாரையும் கேட்டு வருவதில்லை. "என் ஏரியா சரியில்லை" என்று சொல்லி அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

ஆனால் பொறுப்பும் வசதியும் ஒன்றாகப் போக வேண்டும். தேர்ந்தெடுக்க நான்கு வழி உள்ளவரிடம் ஏன் சரியானதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று கேட்கலாம். ஒரே வழி உள்ளவரிடம் அதைக் கேட்பது குத்திக்காட்டுவது மட்டுமே. அறிவுரையால் யாருக்கும் கெடுதல் இல்லை. அறிவுரையோடு வேலை முடிந்துவிட்டது என்று அரசும் நிறுவனங்களும் நினைப்பதுதான் கெடுதல்.

என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. புதிய குடியிருப்புக்கு மக்களை அனுப்பும் முன், நடந்து போகும் தூரத்தில் சுகாதார நிலையம், மைதானம், காய்கறிச் சந்தை, பஸ் வசதி இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். முடிந்தவரை மக்களை அவர்கள் வாழ்ந்த இடத்துக்கு அருகிலேயே குடியமர்த்த வேண்டும். 2014 கொள்கையின் 60 சதவீத நிதி எந்தெந்த வார்டின் நடைபாதைக்குப் போனது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ரேஷனில் பாமாயிலுக்கு மாற்றாகக் கடலை எண்ணெய் போன்ற ஒன்றைப் படிப்படியாகக் கொண்டுவரலாம். நீலகிரி, தர்மபுரியில் 2023-ல் அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுத்துப் பார்த்த அரசுக்கு இது புதிய யோசனை அல்ல.

நிறுவனங்களுக்குச் செலவு குறைவு. கேன்டீன், செக்கப், ஓய்வறை மூன்றையும் கான்ட்ராக்ட் ஊழியர்களுக்கும் திறந்துவிடலாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. அலுவலக வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு ஒரு நாற்காலி போடச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வெல்னஸ் வெபினார் நடத்துவதற்குப் பதில், இரவு 9 மணிக்கு மேல் மீட்டிங் வைக்காமல் இருந்தாலே பாதி வெல்னஸ் வந்துவிடும்.

போனில் இதைப் படிப்பவர்களும் செய்யக்கூடியது உண்டு. வாடகை வீடு பார்க்கும்போது பைக் பார்க்கிங்கோடு நடைபாதையையும் பாருங்கள். டீம் டீக்கடைக்குப் போகும் பழக்கத்தை ஒரு சுற்று நடையாக மாற்றிப் பாருங்கள். அபார்ட்மென்ட் அசோசியேஷனில் இருந்தால், உள்ளே வேலை செய்பவர்களும் பூங்காவில் உட்காரலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 2022 முதல் மாநகராட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. பொதுவாக அங்கே போவது வேலை முடிந்து ஓய்வு பெற்றவர்கள்தான். தெரு விளக்கு, உடைந்த நடைபாதை, பூட்டிக் கிடக்கும் மைதானம் பற்றி அங்கே எழுதிக் கொடுக்கும் ஒரு மனு, ஒரு வருட ஜிம் மெம்பர்ஷிப்பைவிட அதிகம் பேரின் இதயத்துக்கு உதவும்.

அடுத்த முறை டாக்டர் "தினமும் நடங்க" என்று சொன்னால் கட்டாயம் நடங்கள். நடக்க வழி இல்லையென்றால், அந்த வழியைக் கேட்டு வாங்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.